கிட்டங்கித் தெருவுக்குத் திரும்பி வந்த நேரம்

திருப்பி அனுப்பப்பட்ட முதல் ஒரு மணி இருபது நிமிடம், ஆடிப்பெருக்கு கழிந்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குச் சிவகாசி கிட்டங்கித் தெருவுக்கு வந்து சேர்ந்தது. தெருவில் இருந்தவர்கள் அதை நேரம் என்று அறியவில்லை, கடிகாரம் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பதினோரு வீட்டுக் கடிகாரங்களும், காலண்டர் ஏஜென்ட் வேல்ச்சாமி அண்ணாச்சியின் கைக்கடிகாரமும், எல்லாருடைய செல்போன்களும் ஐந்து நாற்பதில் நிற்க, வெயில் மேற்குச் சுவரில் ஒட்டிய இடத்திலேயே ஒட்டியிருக்க, அடுப்பில் உலை கொதித்து, சோறு வெந்து, குழம்பு கூட்டி இறக்கி, பிள்ளைகள் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் ஐந்து நாற்பத்தொன்று ஆனது. அதற்குள் டீ குடிக்கப் புறப்பட்ட வேல்ச்சாமி அண்ணாச்சி, தெருமுனையைத் தாண்டிக் கால் வைத்ததும் அதே தெருவின் மறுமுனையில் வந்து நின்றார். மூன்று முறை போய் மூன்று முறையும் அப்படியே வந்து சேர்ந்தவர், நாலாம் முறை போகாமல் வீட்டிலேயே டீ போடச் சொன்னார்.

அது எங்கிருந்து வந்தது என்பது மாரிக்கனிக்கு மட்டும் தெரிந்தது. ஐந்தாம் நம்பர் வீட்டுக்காரி. இருபத்தெட்டு வயது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள், பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துத் தவறிய பிறகு வீட்டோடு வந்துவிட்டாள். மூன்று வருடமாக வீடியோ கேம் ஒன்றைத் தனியாளாகச் செய்து, முந்தின வாரம்தான் உலகம் முழுக்க விளையாட்டு விற்கிற இணையக் கடையொன்றில் விற்பனைக்கு வைத்திருந்தாள். ‘மழைக்கு முன்’ என்று அதற்குப் பெயர். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, பதினோரு வீட்டு மொட்டை மாடிகளில் துணி காய்கிறது, தூறல் விழுவதற்குள் மாடிக்கு மாடி தாண்டி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், எடுக்கிற ஒவ்வொரு துணியும் உடுத்தியவரைப் பற்றி ஒரு சேதி சொல்லும், கடைசியில் ஒரு சேலை மட்டும் கொடியில் மிஞ்சும், அதை எடுக்கப் போகும்போது மழை வந்துவிடும். அவ்வளவுதான். ஆடி முடிக்க ஒரு மணி இருபது நிமிடம் ஆகும், அதற்குமேல் மழை காத்திருக்காது.

அந்தக் கடைக்கு ஒரு விதி இருந்தது. வாங்கி பதினான்கு நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், ஏன் என்று கேட்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் நல்ல விதி. படத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்களிடமிருந்தும், ஓடாத சரக்கை விற்கிறவர்களிடமிருந்தும் அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. நூறு மணி நேர விளையாட்டைச் செய்து விற்கிறவருக்கு அது ஒரு கதவிடுக்கு, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு மணி இருபது நிமிடக்காரிக்கு அது வாசல் முழுக்கத் திறந்த வீடு. யாரோ ஒருவர் வந்து, எல்லா மாடியும் ஏறி, எல்லாத் துணியும் எடுத்து, மழையையும் பார்த்துவிட்டு, அன்று ஐந்து நாற்பதுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார். பணம் அவருக்குப் போனது. அவர் செலவழித்த நேரம், விற்பனைப் படிவத்தில் மாரிக்கனி எழுதிக் கொடுத்திருந்த விலாசத்துக்கு வந்தது.

அடுத்த நாள் ஐந்து பேர் திருப்பினார்கள், அதற்கடுத்த நாள் ஒன்பது பேர். எப்போது திருப்பினாலும் எல்லாம் சேர்ந்து அதே ஐந்து நாற்பதுக்குத்தான் வந்தது. மாரிக்கனி விஷயத்தைச் சொன்னபோது தெரு அதை எடுத்துக்கொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலண்டர் சீசன் தொடங்கியிருந்தது. தெரு முழுக்கத் தேதித் தாள்களை அடுக்கி, கட்டாக்கி, அட்டையில் வைத்துத் தகரம் அடிக்கிற வேலை, கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் வேண்டாம் என்பார்களா? மதியமே தண்ணீர் பிடித்து வைத்தார்கள், அரிசி களைந்து வைத்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை ஐந்தரைக்குள் தெருவுக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஐந்து நாற்பதுக்கு மின்சாரம் இருந்தால் அந்த நேரம் முழுக்க இருக்கும், இல்லையென்றால் முழுக்க இருக்காது என்று தெரிந்தபின், ஐந்து முப்பத்தொன்பதுக்கு எல்லா வீட்டுச் சாமியிடமும் ஒரே வேண்டுதல் போனது.

டீக்கடையில் பேச்சு அடிபட்டது.

“தின்ன வடையைத் திருப்பிக் குடுத்தா வாங்குவீரா?” என்று தையற்கடை ராமையா கேட்டார்.

“வடை வேற. சேலை எடுத்துட்டுப் பிடிக்கலைன்னா மாத்திக் குடுக்கோம்ல?” என்றார் வேல்ச்சாமி அண்ணாச்சி. அவர் மைத்துனருக்குத் துணிக்கடை இருந்தது.

“கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து குடுத்தா?”

“அதையும் மாத்திட்டுத்தான்யா போறாக. குங்குமக்கறை எல்லாம் கெடக்கும். என்ன செய்ய, சிரிச்ச மொகமா வாங்கி வைக்கோம்.”

“அந்தக் கல்யாணம் உங்க மச்சான் வீட்டுக்கா திரும்பி வருது? இங்க வருதுல்லா.”

“வரட்டுமே. வந்ததுல என்ன நஷ்டம்?”

நஷ்டம் இல்லை என்று அவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. காலண்டரைத் தொட்டுப் பிழைக்கிறவர்களுக்குத் தாள் கிழிபட்டால்தான் ஒரு நாள். ஐந்து நாற்பதுக்கும் ஐந்து நாற்பத்தொன்றுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் இருந்தாலும் அதற்குத் தேதி கிடையாது, திதி கிடையாது, ராகுகாலம்கூடக் கிடையாது. பஞ்சாங்கம் கணித்துத் தருகிற ஐயரிடமே போய்க் கேட்டு, பஞ்சாங்கத்தில் இல்லாத நேரத்துக்கு நல்லது கெட்டது இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து வந்திருந்தார்கள். தாள் கிழிக்காத நாள் வயதில் சேராது என்று கிட்டங்கித் தெரு ஒருமனதாக முடிவு செய்திருந்தது.

ஆவணி நடுவில், காணொளி போட்டுப் பிழைக்கிற எங்கோ ஓர் இளைஞன், ‘மழைக்கு முன்’னை எப்படி எழுபத்தைந்து நிமிடத்தில் முடித்து எப்படிப் பணத்தைத் திரும்ப வாங்கலாம் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தான். அன்றிலிருந்து நாளொன்றுக்கு நூறு பேர், முந்நூறு பேர், எண்ணூறு பேர் என்று திருப்பத் தொடங்கினார்கள். ஐந்து நாற்பது ஒரு வாரம் நின்றது, பிறகு பதினைந்து நாள் நின்றது. அந்த ஆவணிக் கடைசியில்தான் தகரம் அடிக்கிற மெஷின்காரரின் மனைவி கோமதிக்கு வலி எடுத்தது. கணக்குப்படி ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் பிள்ளை மூன்றேகால் கிலோ இருந்தது, தலைநிறைய முடி, நகமெல்லாம் வளர்ந்திருந்தது. “நிறைமாசப் பிள்ளை இது, தேதியைத் தப்பா வச்சிருக்கீங்க” என்றார் டாக்டரம்மா. கிட்டங்கித் தெருக்காரர்களைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஆனாலும் வீடு திரும்பியவர்கள் கண்ணாடி முன்னால் போய் நின்றார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது தைத்த சட்டை எந்தப் பிள்ளைக்கும் சேரவில்லை. மூன்று மாதச் சட்டை அது.

அடுத்த நாள் ஐந்தரைக்குத் தெருவே பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. ஆறு மணிக்கு வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். மறுநாள்தான் தெரிந்தது. ஆள் இல்லாத தெருவில் நேரம் கழிவதில்லை, அடுத்த நாளோடு சேர்ந்து நிற்கும். யாராவது உள்ளே இருந்து அதை வாழ்ந்து தீர்த்தால்தான் தீரும்.

அம்மன் கோயில் பொங்கலுக்கு நாளுக்கு ஒரு வீட்டு மண்டகப்படியாக முறை வைத்து நடத்திப் பழகியவர்களுக்கு வழி தெரியாமலா போகும்? பதினோரு வீட்டுப் பெயரையும் எழுதிப் போட்டுச் சீட்டெடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. முறைக்காரர் உள்ளே இருக்க, மற்றவர்கள் ஐந்தரைக்கு வெளியேறி, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்ப வேண்டும். முதல் முறை ராமையாவுக்கு விழுந்தது. அவரை முழுக்கச் சவரம் செய்த முகத்தோடு விட்டுவிட்டுப் போன மனைவி, டீ சூடு ஆறுவதற்குள் வந்து பார்த்தபோது, முகம் மறைக்கிற தாடியோடு திண்டாடி நின்ற மனிதர், “ஏன்டி, இத்தனை நாளும் எங்கடி போயிருந்த?” என்று கேட்டு அழுதார். இருபத்தாறு நாள். அதில் ஒரு நாள்கூட இருட்டவில்லை.

அதற்குப் பிறகு யாருக்கும் முறை வேண்டாம் என்றாயிற்று. வேண்டாததைச் செய்ய ஆள் பிடிப்பது ஊர் வழக்கம். ஆறாம் நம்பர் வீட்டுச் சீனியம்மாள் கிடைத்தாள்.

முப்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, மகள் முத்துராணி மதுரையில் நர்சிங் முதல் வருடம் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாள். படிப்புச் செலவுக்காக முதலில் கோமதி வீட்டு முறைக்குக் கூலி பேசி ஒத்துக்கொண்டாள், பிறகு வேல்ச்சாமி அண்ணாச்சி வீட்டு முறைக்கு, பிறகு ராமையாவின் அடுத்த முறைக்கு. புரட்டாசி பாதியில் பதினோரு வீட்டு முறையும் அவளுடையதாயிற்று. அண்ணாச்சி தேதிக்கட்டு வேலையையும் அவளிடமே இறக்கினார். மாலையில் லாரியில் வந்து இறங்குகிற தாள் மறுநாள் காலையில் காலண்டராகப் புறப்பட்டது, எந்த ஏஜென்டுக்கும் இல்லாத வேகம். அவள் ஒரு மூட்டை அரிசியும் ஒரு பை பருப்புமாக ஐந்து நாற்பதுக்குள் நுழைவாள், ஒன்றரை மாதம், இரண்டு மாதம் அந்த மஞ்சள் வெயிலில் தாள் அடுக்கி, தாள் அடுக்கி, ஐந்து நாற்பத்தொன்றுக்கு வெளியே வருவாள். வந்ததும் முதல் வேலையாகத் தெருமுனையில் நின்று, வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்ப்பாள். பேச்சு வருவதற்குச் சற்று நேரம் ஆகும்.

மாரிக்கனி தினமும் அவளைப் பார்த்தாள். எதிர்வீடு. தாய் தவறின நாளிலிருந்து ராத்திரிக் குழம்பு அந்த வீட்டிலிருந்துதான் வரும்.

“சீனியக்கா, போதும். நாளைக்கு நான் இருக்கேன்.”

“நீ இருந்தா எம்பொழப்பு என்னாகும் கனி? பேசாமப் போ. போயி பஸ் ஸ்டாண்டுல ஒக்காரு.”

“முடியெல்லாம் நரைச்சிருச்சுக்கா.”

“ஒனக்குந்தான் நரைக்கும். எனக்குக் கூலியோட நரைக்குது.”

மாரிக்கனி கடைக்கு எழுதினாள். ஆடி முடித்தவர் திருப்ப முடியாதபடி செய்யக்கூடாதா என்று கேட்டாள். பதில் உடனே வந்தது. அவளுடைய கருத்துக்கு நன்றி என்றும், விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றும், பெரிய விளையாட்டுக்கு ஒன்று சிறிய விளையாட்டுக்கு ஒன்று என்று வைத்தால் அது நியாயமாக இருக்காது என்றும் இருந்தது. பிறகு அவள் விளையாட்டை இழுத்துப் பார்த்தாள். யாரும் குடியில்லாத ஆறு மாடிகளைச் சேர்த்து, எதுவும் சொல்லாத துணிகளைக் காயப்போட்டு, மழையை ஐம்பது நிமிடம் தள்ளி வைத்தாள். தானே ஆடிப் பார்த்தாள். இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. மழை எப்போது வந்து தொலையும் என்றுதான் அவளுக்கு இருந்தது, ஐயோ வந்துவிட்டதே என்று இல்லை. அதை அவள் அழித்தாள். அழித்த பிறகு, சென்னை ஹாஸ்டலில் இருந்தபோது தானும் ஒரு சின்ன விளையாட்டை ஞாயிற்றுக்கிழமை ஆடி முடித்து, அழுது, திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. மாதக் கடைசி அது, கையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் எந்த ஊரில், யார் வாசலில் போய் நின்றிருக்கும் என்று யோசித்தாள்.

தீபாவளிக்கு முந்தின மூன்று நாள் கடையில் தள்ளுபடி விற்பனை. விலை குறைந்ததும் ‘மழைக்கு முன்’னை ஒன்றரை லட்சம் பேர் வாங்கினார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறேகாலுக்கு முத்துராணி பையோடு தெருவுக்குள் வந்தாள். சீனியம்மாள் அப்போதுதான் இரண்டரை மாதத்தை முடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முன்பற்கள் இரண்டு இல்லை, சேலை தோளில் தொங்கியது. மகளைக் கண்டதும் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை.

முத்துராணி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: “அம்மா இல்லையா ஆச்சி? எங்க போயிருக்கு?”

எதிர்வீட்டு வாசலில் மாரிக்கனி நின்றிருந்தாள். சீனியம்மாள் மகளைத் திருத்தவில்லை. “உள்ள போ தாயி, வந்துருவா” என்று மட்டும் ஒருவழியாகச் சொன்னாள்.

அன்றிரவே மாரிக்கனி விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்தால் புதிதாக யாரும் வாங்க முடியாது. ஆனால் வாங்கிவிட்ட ஒன்றரை லட்சம் பேருக்குப் பதினான்கு நாள் இருந்தது. அவள் தெருவைக் கூட்டினாள். அத்தனையும் வந்தால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வருடம் ஆகும் என்று சொன்னாள்.

“பதினோரு வீடு இருக்கு. வீட்டுக்கு ரெண்டு வருஷம். சொந்த மண்டகப்படியா அவங்கவங்க எடுத்துக்கிட்டா யாருக்கும் பாரமில்ல” என்றாள்.

“எனக்கு சுகர் இருக்கு தாயி” என்றார் அண்ணாச்சி.

“பச்சப்பிள்ளைக்காரி நான்” என்றாள் கோமதி.

“நான் ஒரு தடவை போனதுக்கே பொண்டாட்டி பேரு மறந்துருச்சு” என்றார் ராமையா. அவர் மனைவி, “அதுக்கு முந்தி மட்டும் ஞாபகம் இருந்துச்சாக்கும்” என்றாள். கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்தபோது எல்லாரும் சீனியம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் பத்து வருஷம் எடுத்துக்கிடுதேன். படிப்பு பூராவுக்கும் வேண்டியதைக் குடுத்துருங்க” என்றாள் அவள்.

“பத்து எடுத்தா முத்துராணி முடிச்சிட்டு வரும்போது பாக்க நீங்க இருக்க மாட்டீங்க” என்றாள் மாரிக்கனி. “என் விலாசத்துக்குத்தானே வருது. நானே வாங்கிக்கிடுதேன்.”

வேண்டாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். சொல்ல வேண்டிய அளவுக்குச் சொன்னார்கள்.

பதினான்கு நாளும் தெரு ஐந்தரைக்குக் காலியானது, நேரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. கடைசி நாள் மதியம் எழுபது மூட்டை அரிசியும், பருப்பும் உப்பும் புளியும், வண்டு விழாமலிருக்க வசம்பும் கொண்டுவந்து, தெருவுக்குப் பெயர் தந்த பழைய சரக்குக் கிட்டங்கியில் அடுக்கினார்கள். அடிபம்பில் புதுத் தோல் மாட்டினார்கள். அண்ணாச்சி, சும்மா இருக்கிற நேரத்தில் பார்க்கட்டும் என்று, அடுத்த வருடத்துத் தேதிக்கட்டுகள் ஒரு லாரி இறக்கினார். ஐந்தரைக்கு எல்லாரும் புறப்பட்டார்கள். சீனியம்மாள் கடைசியாகப் போனாள். போகும்போது ஒரு தூக்குச்சட்டியை மாரிக்கனி கையில் கொடுத்து, “சுண்டவத்தக் குழம்பு. ரெண்டு நாளைக்குக் கெடாது” என்றாள்.

அன்று பஸ் ஸ்டாண்டில் யாரும் டீ குடிக்கவில்லை. ஐந்து நாற்பதுக்கு ராஜபாளையம் பஸ் ஒன்று பின்பக்கமாக எடுத்து, நிமிர்ந்து, புறப்பட்டது. ஐந்து நாற்பத்தொன்றுக்கு அது ரோட்டில் ஏறிவிட்டது. ஆறு மணிவரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

தெருவுக்குள் கால் வைக்க இடமில்லாமல் தாள் கிடந்தது. தேதித் தாள்கள். ஜனவரி ஒன்று, ஜனவரி இரண்டு என்று தொடங்கி டிசம்பர் முப்பத்தொன்று வரை, மறுபடி ஜனவரி ஒன்று, மறுபடி, மறுபடி. பழையவை பழுத்து மக்கியிருந்தன, புதியவை காற்றில் புரண்டன. வேல்ச்சாமி அண்ணாச்சி குனிந்து இரண்டைப் பொறுக்கிப் பார்த்தார். ஒரு லாரிக் கட்டில் இருபத்துமூன்று கட்டு மட்டும் பிரிந்திருந்தது, மீதி இறக்கின இடத்தில் இறக்கினபடி, மேலே தூசியோடு இருந்தது. “ஒண்ணுக்குக்கூட தகரம் அடிக்கலையே” என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஐந்தாம் நம்பர் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முழுக்க நரைத்த முடியைக் கத்தரித்திருந்தாள். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் நூலால் கட்டியிருந்தது. வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்கள் போனபோது எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள், அதுதான் அவளுக்குப் புரியாததுபோல் இருந்தது. பிள்ளைகள் கிட்டே போகவில்லை.

சீனியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு இருக்கும். எதிரே இருப்பவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. எப்போதும்போல் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, நிறுத்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

“நல்லா இருக்கீகளாக்கா?” என்றாள்.

மாரிக்கனி தொண்டையைச் செருமினாள். சொல் ஒவ்வொன்றாக வந்தது. “முத்துராணி... எந்த வருஷம்?”

“மொத வருஷந்தான். இன்னும் மூணு கெடக்கு.”

மாரிக்கனி தலையாட்டினாள். பின்னால் கூட்டம் நெருங்கி வந்தது. எல்லாரும் கேட்க நினைத்ததை யார் கேட்பது என்றுதான் நின்றிருந்தார்கள், மார்கழி வரைக்கும் காலண்டர் வேலை இருந்தது, கூடுதல் நேரம்தான் இனி வராது. சீனியம்மாள் திரும்பி அவர்களைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்தாள், பிறகு கேட்டுவிட்டாள்.

“அடுத்த வெளையாட்டையும் சின்னதாத்தானக்கா செய்வீக?”